பொதுச் சாவியின் ஹாஷும் ஒப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான்றிதழ் (பெயரையும் பொதுச் சாவியையும் சேர்த்து, வழங்கியவர் கையொப்பமிட்ட கோப்பு) ஒரு பக்கம், அந்தப் பொதுச் சாவியின் ரகசிய ஜோடியான தனிச் சாவி ஒரு பக்கம், நடுவில் ஒரு ஹாஷ் (பைட்டுகளிலிருந்து கணக்கிடப்படும், நிலையான நீளமுள்ள சுருக்கம்). இவை பொருந்துகின்றனவா இல்லையா என்று தடுமாறுகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எந்த பைட்டுகளின் ஹாஷ்? அதை முதலில் கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே உள்ளன. எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

1. சாவியே கையில இருக்கும்போது அதை ஏன் ஹாஷ் பண்ணணும்? நேராவே ஒப்பிடக் கூடாதா?

தாராளமாக ஒப்பிடலாம். இரண்டு சாவிகளும் ஒரே கணினியில் கோப்புகளாக இருந்தால் பைட்டுக்கு பைட் ஒப்பிடுவதுதான் நேர்வழி. ஹாஷ் அதற்கு மேல் எந்த உறுதியையும் தருவதில்லை.

ஒரு பக்கம் தொலைவில் இருக்கும்போதுதான் ஹாஷ் தேவைப்படுகிறது. தொலைபேசியில் படித்துச் சொல்ல, டிஎன்எஸ் (இணையப் பெயர்களின் அடைவு) பதிவில் போட, செயலிக்குள் பதித்து வைக்க, பெரிய பட்டியலில் தேட. 2048 பிட் ஆர்எஸ்ஏ (பரவலான ஒரு சாவி வகை) பொதுச் சாவி 294 பைட். 4096 பிட் என்றால் 550 பைட். ஷா-256 என்ற முறையில் எடுத்த ஹாஷ் எந்தச் சாவிக்கும் 32 பைட்தான்: ஹெக்ஸில் (பதினாறு அடிமான எழுத்து) 64 எழுத்து, பேஸ்64இல் (64 குறிகளால் எழுதும் முறை) 44 எழுத்து.

2. சான்றிதழோட கைரேகையும் பொதுச் சாவியோட ஹாஷும் ஒண்ணுதானே?

இல்லை. மிக அதிகமான குழப்பம் இங்கேதான். கைரேகை என்பது முழுச் சான்றிதழின் ஹாஷ். பெயர், வரிசை எண், காலாவதித் தேதி, பொதுச் சாவி, கடைசியில் வழங்கியவரின் கையொப்பம் எல்லாம் அதற்குள் அடங்கும். பொதுச் சாவியின் ஹாஷோ சான்றிதழுக்குள் இருக்கும் சாவிப் பகுதியை மட்டும் எடுத்துக் கணக்கிடப்படுவது. எக்ஸ்.509 என்ற சான்றிதழ்த் தர அமைப்பில் அந்தப் பகுதிக்கு சப்ஜெக்ட் பப்ளிக் கீ இன்ஃபோ என்று பெயர், சுருக்கமாக எஸ்பிகேஐ.

ஆகவே ஒரே சாவிக்கு இரண்டு சான்றிதழ் இருந்தால் கைரேகைகள் வேறுபடும், எஸ்பிகேஐ ஹாஷ் ஒன்றாகவே இருக்கும். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்டின் வேரான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 இதற்கு நல்ல உதாரணம். அந்தச் சாவிக்குத் தானே கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்று. டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற வேறொரு வேர் குறுக்குக் கையொப்பமிட்ட சான்றிதழ் இன்னொன்று. அந்த எக்ஸ்3 வேர் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, பழைய சங்கிலியை (சர்வர் சான்றிதழிலிருந்து வேர் வரையான தொடரை) மட்டும் பிடித்துத் தொங்கிய பழைய மென்பொருள்கள் இணைப்பை மறுத்தன. சாவி மாறவே இல்லை, சான்றிதழ்தான் வேறு.

3. விண்டோஸ்ல என் சான்றிதழோட கைரேகை ஷா-1னு காட்டுது. அப்போ என் சான்றிதழ் பலவீனமானதா?

இல்லை. கைரேகை சான்றிதழுக்குள் எழுதப்பட்ட தகவல் அல்ல. பார்க்கும் மென்பொருள் தானே கணக்கிட்டு ஓர் அடையாளப் பெயர் போலக் காட்டுவது. விண்டோஸ் அதற்கு ஷா-1 என்ற பழைய ஹாஷ் முறையைப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். நீங்கள் பார்க்க வேண்டியது கையொப்ப அல்காரிதம் என்ற வரியை. அங்கே ஷா-256 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலை வேண்டாம்.

4. சரி, பொதுச் சாவியோட ஹாஷ்னா சரியா எந்த பைட்லேருந்து எந்த பைட் வரைக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார். சாவிக்கு டிஇஆர் என்ற இரும வடிவம் உண்டு. 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியின் எஸ்பிகேஐ-யை ஹெக்ஸில் திறந்தால் முதல் ஐந்து பைட்டுகள் 30 82 01 22 30 என்று இருக்கும். 30 என்றால் ஒரு தொகுப்பு ஆரம்பிக்கிறது. 82 என்றால் அடுத்த இரண்டு பைட்டுகள் நீளத்தைச் சொல்கின்றன. 01 22 என்பது 290. தலைப்பு 4 பைட், உள்ளடக்கம் 290 பைட், ஆக 294. அடுத்த 30இலிருந்து 15 பைட்டுகள் "இது ஆர்எஸ்ஏ சாவி" என்று சொல்லும் அல்காரிதம் குறிப்பு. அதன் பின் 5 பைட் உறை. மீதி 270 பைட்டில்தான் மாடுலஸும் அடுக்கெண்ணும், அதாவது ஆர்எஸ்ஏ பொதுச் சாவியின் இரண்டு எண்களும், இருக்கின்றன.

ஆக, ஒரே சாவிக்கு நியாயமாகவே இரண்டு ஹாஷ் எடுக்க முடியும்: முழு 294 பைட்டின் ஹாஷ், உள்ளே இருக்கும் 270 பைட்டின் ஹாஷ். இரண்டும் வெவ்வேறு இடங்களில் நடைமுறையில் உள்ளன (8ஆம் கேள்வியைப் பாருங்கள்). பொதுவாகப் "பொதுச் சாவியின் ஹாஷ்" என்றால் முழு எஸ்பிகேஐ-யின் ஷா-256 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அல்காரிதம் குறிப்பும் ஹாஷுக்குள் வருவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு வகைச் சாவியின் பைட்டுகளை இன்னொரு வகையாக வாசிக்க இடம் கொடுத்தது போலாகும்.

நீளத்தைப் பார்த்தே சரியான பகுதியை எடுத்தோமா என்று சொல்லிவிடலாம். நீள்வட்ட வளைவுக் கணிதத்தில் அமைந்த பி-256 வளைவுச் சாவியின் எஸ்பிகேஐ 91 பைட், பி-384 என்றால் 120, எட்25519 என்றால் 44. ஹாஷ் போடுவதற்கு முன் கோப்பின் அளவை ஒருமுறை பார்ப்பது பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

5. சான்றிதழும் தனிச் சாவியும் ஜோடிதானான்னு பார்க்க என்னென்ன செய்யணும்?

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டளைக் கருவி கொண்டு செய்யும் முறை இது. சான்றிதழுக்கு எக்ஸ்509 துணைக்கட்டளையை பப்கீ, நோஅவுட் தெரிவுகளோடு ஓட்டுங்கள். பொதுச் சாவி பெம் வடிவில், அதாவது பேஸ்64 உரையாக, வெளியே வரும். அதை பிகீ துணைக்கட்டளைக்கு பப்இன் தெரிவோடு கொடுத்து, வெளியீட்டு வடிவம் டிஇஆர் என்று சொல்லி ஒரு கோப்பில் எழுதுங்கள். தனிச் சாவிக்கு பிகீ துணைக்கட்டளையை பப்அவுட் தெரிவோடு ஓட்டி, அதையும் டிஇஆர் ஆக இன்னொரு கோப்பில் எழுதுங்கள். சிஎஸ்ஆர் எனும் சான்றிதழ் விண்ணப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் ரெக் துணைக்கட்டளைக்கும் அதே பப்கீ, நோஅவுட் தெரிவுகள்தான்.

இப்போது கோப்புகளின் அளவைப் பாருங்கள். பிறகு நேரடியாக ஒப்பிடுங்கள், அல்லது ஒவ்வொன்றுக்கும் ஷா-256 எடுங்கள். இந்த முறை ஆர்எஸ்ஏ, வளைவுச் சாவி, எட்25519 எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தனிச் சாவிக் கோப்பை எந்த இணையதளச் சோதனைப் பக்கத்திலும் ஒட்டாதீர்கள். இந்தச் சோதனைக்கு அது உங்கள் கணினியை விட்டு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை.

6. மாடுலஸை எடுத்து எம்டி5 போட்டு ஒப்பிடுற பழைய வழி இருக்கே, அது தப்பா?

தப்பில்லை, குறைபாடு உள்ளது. மாடுலஸ் ஆர்எஸ்ஏ சாவிக்கு மட்டுமே உண்டு. வளைவுச் சாவியில் அந்த எண்ணே கிடையாது. ஆர்எஸ்ஏவிலும் அடுக்கெண்ணை அது பார்ப்பதில்லை. நடைமுறையில் அடுக்கெண் கிட்டத்தட்ட எப்போதும் 65537 என்பதால் இது பெரிதாகக் கடித்ததில்லை.

எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறை மோதல்களுக்கு (இரு வேறு உள்ளீடுகளுக்கு ஒரே ஹாஷ்) ஆளாகக்கூடியது என்பது உண்மை. 2008 டிசம்பரில் ஆய்வாளர்கள் அதை வைத்தே ஒரு போலி சிஏ (சான்றிதழ் வழங்குநர்) சான்றிதழை உருவாக்கிக் காட்டினார்கள். உங்கள் சொந்தக் கோப்புகள் இரண்டைப் பொருத்திப் பார்க்கையில் எதிரி யாரும் இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை. என்றாலும் 5ஆம் பதிலில் உள்ள வழி எல்லாச் சாவிக்கும் பொருந்தும்போது பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணமில்லை.

7. ரெண்டு ஹாஷும் அச்சு அசலா ஒண்ணா வருது. ஆனா சர்வர் மட்டும் சாவி பொருந்தலைன்னு அடம்பிடிக்குது. எப்படி?

முதலில் அந்த ஹாஷின் தொடக்கத்தைப் பாருங்கள். எம்டி5 என்றால் "டி41டி8சிடி98", ஷா-256 என்றால் "இ3பி0சி442" என்று ஆரம்பிக்கிறதா? அது வெற்று உள்ளீட்டின் ஹாஷ். சான்றிதழின் பாதை தவறு, தனிச் சாவியின் கடவுச்சொல் தவறு, இரண்டு பக்கமும் கட்டளை பிழையோடு முடிந்து எதையும் வெளியிடவில்லை; ஹாஷ் நிரலோ ஒன்றுமில்லாததற்கு ஒழுங்காக ஹாஷ் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒன்றுமில்லாததும் ஒன்றுமில்லாததும் பொருந்தத்தானே செய்யும்! பிழைச் செய்தியை மறைத்துவிடும் ஸ்கிரிப்டுகளில் இது நிறைய நடக்கிறது. ஹாஷுக்கு முன் அளவைச் சரிபார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

வெற்று ஹாஷ் இல்லையென்றால் சங்கிலிக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரே பெம் கோப்பில் பல சான்றிதழ்கள் இருந்தால் எக்ஸ்509 துணைக்கட்டளை முதலாவதை மட்டும் படிக்கும். சர்வரும் முதலாவதைத்தான் தன் சான்றிதழாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் தனிக் கோப்பைச் சோதித்துவிட்டு, இடைநிலைச் சான்றிதழை முதலில் ஒட்டிய சங்கிலிக் கோப்பை சர்வருக்குக் கொடுத்திருந்தால் இந்தப் பிழைதான் வரும். சர்வரின் சொந்தச் சான்றிதழ் மேலே, அதை வழங்கியது அதற்குக் கீழே. வரிசை அதுதான்.

8. சான்றிதழுக்குள்ளயே சாவி அடையாளம்னு 20 பைட் இருக்கே. அதை ஒப்பிட்டா போதாதா?

போதாது. சப்ஜெக்ட் கீ ஐடென்டிஃபையர் எனப்படும் அந்தப் புலம், வழங்குநர் சங்கிலியைக் கோத்துப் பார்க்க உதவும் ஒரு குறிப்பு மட்டுமே. ஆர்எஃப்சி 5280 என்ற இணையத் தர ஆவணம் அதற்குக் காட்டும் முதல் வழி, உறையை நீக்கிய உள் பகுதியின், அதாவது 4ஆம் பதிலில் சொன்ன 270 பைட்டின், ஷா-1. எனவே எஸ்பிகேஐ-க்கு நீங்களே ஷா-1 எடுத்தாலும் இதோடு பொருந்தாது. 2013இல் வந்த ஆர்எஃப்சி 7093 ஷா-256ஐ 160 பிட்டுக்கு வெட்டிப் பயன்படுத்தும் வழியையும் சேர்த்தது. இவற்றில் எதையும் பின்பற்றாமல் தனித்துவமான வேறொரு எண்ணைப் போடவும் வழங்குநருக்கு உரிமை உண்டு. அது ஒன்றாக இருப்பதால் சாவி ஒன்று என்றோ, வேறாக இருப்பதால் சாவி வேறு என்றோ முடிவுக்கு வராதீர்கள்.

ஓசிஎஸ்பி (சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்று கேட்கும் நெறிமுறை) கோரிக்கையில் வரும் வழங்குநர் சாவி ஹாஷும் இதே உள் பகுதியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. சொந்தமாக ஓசிஎஸ்பி நிரல் எழுதுகிறவர்கள் முழு எஸ்பிகேஐ-க்கு ஹாஷ் போட்டுவிட்டு, சேவை ஏன் சான்றிதழைத் தெரியாது என்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

9. ஒரே சாவிதான், ரெண்டு பேரும் ஷா-256தான் போட்டோம். ஆனாலும் ஹாஷ் வேற வேற. எங்கே தப்பு?

பத்தில் ஒன்பது முறை பெம்தான் காரணம். அதன் தலைப்பு வரி, வால் வரி, புதுவரி பைட்டுகள் எல்லாம் சேர்ந்து ஹாஷுக்குள் போய்விடும். ஒரே கோப்பு விண்டோஸில் வரிக்கு இரண்டு பைட் முடிவோடும் லினக்ஸில் ஒரு பைட் முடிவோடும் இருந்தால் ஹாஷ் வேறு. எப்போதும் டிஇஆருக்கு மாற்றியே ஹாஷ் எடுங்கள்.

அடுத்தது, ஹெக்ஸ் உரைக்கே ஹாஷ் போடுவது. 294 பைட்டுக்குப் பதில் 588 எழுத்துகளின் ஹாஷ் வரும். எக்கோ கட்டளை வழியாக அனுப்பினால் கடைசியில் ஒரு புதுவரியும் சேர்ந்து 589. மூன்றாவது, பழைய விண்டோஸ் பவர்ஷெல் 5.1. அதில் ஒரு கட்டளையின் இரும வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாக இன்னொன்றுக்கு அனுப்பினால் பைட்டுகளை உரையாக எண்ணி மாற்றிவிடும். வெளியீட்டை நேரே கோப்பில் எழுதச் சொல்லும் தெரிவைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

சில நேரம் ஹாஷ் சரியாகவே இருக்கும், சுற்றியுள்ள எழுத்துதான் வேறுபடும். குழாய்க்குறி வழியாக உள்ளீடு கொடுத்தால் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 ஹாஷுக்கு முன்னால் அல்காரிதத்தின் பெயரையும் அச்சிடும், 1.1.1 அப்படிச் செய்வதில்லை. முழு வரியை ஒப்பிடும் ஸ்கிரிப்ட் இரண்டு கணினிகளுக்கிடையே தோற்றுப்போகும். ஹெக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நடுவில் முக்காற்புள்ளி எதுவும் பொருளை மாற்றாது, நீக்கிவிட்டு ஒப்பிடலாம். பேஸ்64இல் அப்படிச் செய்யக் கூடாது, அங்கே பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு மதிப்பு.

10. அதெல்லாம் சரிபார்த்தாச்சு. டிஇஆர்தான். இன்னும் வேறயா வருது.

அப்படியானால் அது ஒரே சாவிக்கு இரண்டு குறியாக்கம். தலைப்பு வரியில் ஆர்எஸ்ஏ என்ற சொல் இருக்கும் பொதுச் சாவிக் கோப்பு, பிகேசிஎஸ் 1 என்ற ஆர்எஸ்ஏவுக்கே உரிய வடிவம். அது உறையில்லாத 270 பைட். சொல் இல்லாதது எஸ்பிகேஐ, 294 பைட். வித்தியாசம் சரியாக 24 பைட் என்றால் காரணம் இதுவே.

பி-256 வளைவுச் சாவியில், சாவியே ஆன வளைவுப் புள்ளியை முழுதாக எழுதினால் 04இல் தொடங்கும் 65 பைட். சுருக்கி எழுதினால் 02 அல்லது 03இல் தொடங்கும் 33 பைட். கணிதப்படி ஒரே புள்ளி, ஹாஷ் வேறு. ஆர்எஸ்ஏவில் அல்காரிதம் குறிப்பின் முடிவில் 05 00 என்ற வெற்று அளவுரு இருக்க வேண்டும் என்பது விதி. அதை விட்டுவிடும் நிரல்களும் உண்டு, அப்போது இரண்டு பைட் குறையும். இத்தகைய இடங்களில் ஹாஷை நம்பி "சாவி வேறு" என்று சொல்லிவிடாமல் மாடுலஸையும் அடுக்கெண்ணையும், அல்லது புள்ளியின் இரண்டு ஆயங்களையும், எண்களாக எடுத்து ஒப்பிட வேண்டும்.

11. எஸ்எஸ்ஹெச் காட்டுற கைரேகையும் இதுவும் ஒரே சாவிக்கு ஏன் ஒத்துப்போகல?

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் முறை) தனக்கென்று வேறொரு பைட் வடிவம் வைத்திருக்கிறது. அதற்கும் எஸ்பிகேஐ-க்கும் தொடர்பில்லை, ஆகவே ஹாஷ் பொருந்த வழியே இல்லை. சாவியை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

12. சான்றிதழைப் புதுப்பிச்சா சாவி ஹாஷ் மாறுமா?

பழைய தனிச் சாவியையே மறுபடி பயன்படுத்தினால் மாறாது. புதிய சாவி உருவாக்கினால் மாறும். சான்றிதழைத் தானே புதுப்பிக்கும் செர்ட்பாட் நிரல் இயல்பாக ஒவ்வொரு புதுப்பித்தலிலும் புதிய சாவி உருவாக்குகிறது. பழையதை வைத்துக்கொள்ளத் தனித் தெரிவு உண்டு. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைக்கப்படுகிறது. இந்த வேகத்தில் ஹாஷைக் கையால் ஒப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. 5ஆம் பதிலில் உள்ளதை, அளவுச் சோதனையோடு சேர்த்து, புதுப்பிக்கும் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள்.

13. அப்போ செயலிக்குள்ள சாவி ஹாஷைப் பதிச்சு வைக்கிறது நல்லதா, கெட்டதா?

பின்னிங் எனப்படும் இது கூர்மையான கத்தி. சாவி தொலைந்தால் அல்லது மாறினால், பழைய ஹாஷ் பதிந்த செயலிகள் எல்லாம் உங்கள் சர்வரோடு பேச மறுக்கும். உலாவிகளுக்காக 2015இல் ஆர்எஃப்சி 7469 இதை எச்பிகேபி என்ற பெயரில் தரப்படுத்தியது; தளங்கள் தங்களையே பூட்டிக்கொள்ளும் ஆபத்து பெரிதாக இருந்ததால் குரோம் 2019இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2020இலும் அதை நீக்கிவிட்டன.

உங்கள் சொந்தச் செயலியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் கைரேகையை அல்ல, எஸ்பிகேஐ ஹாஷைப் பதியுங்கள். குறைந்தது இரண்டு ஹாஷ் வேண்டும்: இப்போதைய சாவிக்கு ஒன்று, இணையத்தோடு தொடர்பில்லாத இடத்தில் பத்திரமாக இருக்கும் மாற்றுச் சாவிக்கு ஒன்று. மாற்றுச் சாவியின் ஹாஷை மட்டும் பதித்துவிட்டுச் சாவியைத் தொலைப்பது, இல்லாத கதவுக்குப் பூட்டு வாங்குவது போல.

14. டிஎன்எஸ்ல 3 1 1னு ஒரு பதிவு போடச் சொல்றாங்க. அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்?

அது டிஎல்எஸ்ஏ பதிவு, சர்வரின் சான்றிதழையோ சாவியையோ டிஎன்எஸ்ஸில் அறிவிப்பது. 2012இல் வந்த ஆர்எஃப்சி 6698 அதை வரையறுக்கிறது. 3 என்றால் சர்வரின் சொந்தச் சான்றிதழையே நேரடியாக நம்புவது. நடு 1 என்றால் எஸ்பிகேஐ. அங்கே 0 இருந்தால் முழுச் சான்றிதழ். கடைசி 1 என்றால் ஷா-256. 2 என்றால் ஷா-512. டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிவுகளைக் காக்கும் முறை) கையொப்பம் இல்லாத மண்டலத்தில் இந்தப் பதிவால் பயனில்லை.

சாவியை மாற்றும்போது வரிசை முக்கியம். புதிய ஹாஷைப் பழையதன் பக்கத்தில் சேருங்கள். பழைய பதிவின் டிடிஎல் நேரம் (மற்ற கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் காலம்) முழுதாகக் கழியட்டும். இரண்டு மடங்கு காத்திருப்பது இன்னும் நிம்மதி. அதன் பிறகே சர்வரில் புதிய சாவி, கடைசியாகப் பழைய பதிவை நீக்குவது.

15. 64 எழுத்தையும் யார் பார்க்கிறது? முதல் நாலு, கடைசி நாலு பார்த்தா போதாதா?

எதிரி இல்லாத இடத்தில், உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு, போதும். எதிரி இருக்கக்கூடிய இடத்தில் கூடவே கூடாது. எட்டு ஹெக்ஸ் எழுத்து என்பது 32 பிட். சராசரியாக 430 கோடி முயற்சியில் அதே எட்டு எழுத்து வரும் சாவி கிடைத்துவிடும். வளைவுச் சாவியில் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாகச் சாவி உருவாக்கக்கூடத் தேவையில்லை. இருக்கும் புள்ளியோடு அடிப்படைப் புள்ளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். சாதாரணக் கணினிக்கே எட்டும் வேலை. முழு நீளத்தையும் நிரலே ஒப்பிடட்டும், கண்ணை நம்பாதீர்கள்.

16. பொது ஹாஷ் பொருந்திடுச்சு. அப்போ தனிச் சாவி அவர்கிட்ட இருக்குன்னு உறுதியாயிடுமா?

ஆகாது. தனிச் சாவிக் கோப்பின் உள்ளே பொதுப் பகுதியும் எழுதப்பட்டிருக்கும். பொதுச் சாவியை எடுக்கச் சொன்னால் பல கருவிகள் அதை அப்படியே படித்துக் கொடுத்துவிடும். யாருடைய சான்றிதழிலிருந்தும் மாடுலஸை எடுத்து, மற்ற எண்களைக் கற்பனையாக நிரப்பி, தனிச் சாவி போலத் தோன்றும் கோப்பைச் செய்ய முடியும். 2017இல் ஜெர்மானியப் பத்திரிகையாளர் ஒருவர் இப்படி ஒரு போலிச் சாவியைக் காட்டி "இது கசிந்துவிட்டது" என்று புகார் செய்தபோது, ஒரு சான்றிதழ் நிறுவனம் அதை நம்பிச் சான்றிதழையே ரத்து செய்துவிட்டது.

உண்மையான சோதனை கையொப்பம்தான். நீங்கள் தேர்ந்தெடுத்த புதிய, எதேச்சையான ஒரு செய்தியில் தனிச் சாவியால் கையொப்பமிடச் சொல்லுங்கள். சான்றிதழில் உள்ள பொதுச் சாவியால் அதைச் சரிபாருங்கள். கோப்பு கையில் இருந்தால், பிகீ துணைக்கட்டளையின் செக் தெரிவு உள்ளே இருக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று இசைகின்றனவா என்றும் பார்த்துச் சொல்லும்.

17. ஹாஷ் வேறன்னா ரெண்டு சாவிக்கும் சம்பந்தமே இல்லைன்னு எடுத்துக்கலாமா?

சாவிகள் ஒன்றல்ல என்பதுதான் தெரியும், அதற்கு மேல் இல்லை. ஆர்எஸ்ஏ மாடுலஸ் இரண்டு பகா எண்களின் பெருக்கல். இரண்டு கருவிகள் ஒரு பகா எண்ணை மட்டும் பகிர்ந்துகொண்டால் மாடுலஸ் வேறு, ஹாஷ் வேறு. ஆனால் இரண்டு மாடுலஸ்களின் மீப்பெரு பொதுக் காரணியை எடுத்த அடுத்த நொடி இரண்டு தனிச் சாவிகளும் வெளியே வந்துவிடும். 2012இல் இணையம் முழுவதும் சாவிகளைச் சேகரித்த ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான சாவிகளை இப்படியே உடைத்தார்கள். ரவுட்டர் போன்ற சிறு கருவிகள் முதன்முறை இயங்கும்போது, போதுமான சீரற்ற தன்மை சேர்வதற்குள் சாவியை உருவாக்கியதே காரணம்.

டெபியன் லினக்ஸின் ஓப்பன்எஸ்எஸ்எல் பிழை வேறு வகை. 2008இல் அது வெளிப்பட்டபோது, பாதிக்கப்பட்ட கணினிகளில் சாவிகள் வெறும் செயல்முறை எண்ணைச் சார்ந்தே பிறந்தன என்று தெரிந்தது. ஒரு வகைக்கும் அளவுக்கும் சுமார் 32,000 சாவிகள்தான். அவற்றை ஹாஷ் பட்டியல் வைத்தே பிடித்துவிட முடிந்தது. நிறைய கருவிகளைப் பராமரிக்கிறவர்கள் இரண்டு சோதனையும் செய்ய வேண்டும்: எஸ்பிகேஐ ஹாஷ்களை வரிசைப்படுத்தி ஒரே ஹாஷ் இரு முறை வருகிறதா என்று பார்ப்பது ஒன்று, ஆர்எஸ்ஏ மாடுலஸ்கள் அனைத்தையும் சேர்த்துப் பொதுக் காரணி தேடுவது இன்னொன்று. இரண்டில் எதிலாவது சிக்கினால் சான்றிதழை மட்டும் மாற்றிப் பயனில்லை. அந்தக் கருவியில் சாவியையே புதிதாக உருவாக்க வேண்டும், அதுவும் அது இயங்கத் தொடங்கி சீரற்ற தன்மை போதுமான அளவு சேர்ந்த பிறகு.